அரைக்கட்டை மேலே

வாயில் ஒரு சில்லு சித்தரத்தை, கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு, ஒரு காதில் மட்டும் இயர்பீஸ். மேடைக்குக் கீழே, இரும்புப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், இருட்டில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான் இருதயராஜ். தலைக்கு மேலே மேடைப் பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. "வானம்! வானம்! வானம்!" ஸ்டேடியம் மொத்தமும் தரையை உதைத்துக் கடைசிப் பாட்டைக் கேட்கிறது. கேட்காமல் விடுவார்களா, அந்தப் பாட்டு வராமல் 'கரி எஞ்சின்' குழுவின் கச்சேரி முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூத்துதான். எல்லாம் பாடி முடித்த மாதிரி கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள், விளக்கெல்லாம் அணையும், ஜனங்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவர்கள் கீழே நின்று தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்து, மறுபடி ஏறுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த பொய். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தடவையும் இருதயராஜ் மேடைப் படிகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவான். இன்றைக்கு எண்ண வேண்டியதில்லை. இன்றைக்கு அந்தப் பாட்டு அவனுக்கு இல்லை. அவன் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். பின்னே எதற்கு இந்தப் பாழாய்ப்போன படிகளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்? அதோ, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், வெள்ளை முடி, கறுப்புச் சட்டை, அவர்தான் இன்றைக்கு அதைப் பாடப் போகிறார். டெஸ்மண்ட். கரி எஞ்சினின் முதல் பாட்டுக்காரர்.

முதல் பாட்டுக்காரர். அந்த 'முதல்' என்ற வார்த்தையை இருதயராஜ் இந்த ஒரு மாதமாக எத்தனை போஸ்டரில் பார்த்துவிட்டான். முதல் என்று ஒருத்தர் வந்தால் இரண்டாவது என்று ஒருத்தன் தானாக முளைக்கிறான், அவன் என்னதான் முப்பது வருஷத்துக்குக் கிட்டப் பாடியிருந்தாலும். பெரம்பூர் ரயில்வே காலனிப் பக்கம் டெஸ்மண்டைப் பற்றி இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். ஆங்கிலோ இந்தியர், அப்பா எஞ்சின் டிரைவர். அயனாவரத்து சற்குணம் கிடார், அவருடைய சித்தி மகன் ஜோதி டிரம்ஸ். ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு இங்கிலீஷ் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த கும்பல். ஒருநாள் சற்குணத்துக்குக் கிறுக்குப் பிடித்து, "ஏன், தமிழ்ல கத்துனா இன்னா குறைஞ்சிடும்?" என்று எழுதிய முதல் பாட்டுதான் 'எவன்டா மூடினது என் வானத்தை'. காலேஜ் விழாக்களில் டெஸ்மண்ட் அதை எடுத்தால் பெஞ்சு உடையுமாம். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். கேசட் வந்த கையோடு டெஸ்மண்ட் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா விசாவும் வந்தது. மனுஷன் கிளம்பிவிட்டார். மெல்போர்னில் பஸ் ஓட்டிவிட்டு இப்போது ரிட்டயராகி, கடைசியாக ஒரு தடவை ஊரைப் பார்க்க வந்திருக்கிறார். நல்ல மனுஷன். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். விமானத்தில் இருந்து இறங்கியதும் இருதயராஜைக் கட்டிப்பிடித்து, "நீதானா மேன் அது!" என்று முதுகில் ஓங்கி ஒரு அடி. இவனுக்கு அழுகை வந்துவிட்டது, அழுகையோடு எரிச்சலும் வந்தது.

அந்தக் கேசட். அதை நினைக்காமல் இருக்க முடியுமா இன்றைக்கு. திருச்சி பொன்மலையில் இருதயராஜ் மெல்லிசைக் குழுவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பாடிக்கொண்டிருந்த காலம். ஒரிஜினல் கேசட் திருச்சிக்கு வந்ததே ஒன்றிரண்டுதான். பாலக்கரையில் ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர் அதைப் பதிந்து பதிந்து விற்றார். அவர் மெஷினில் மோட்டார் கொஞ்சம் கோளாறு. பதிந்த கேசட்டெல்லாம் ஒரு பொடி வேகமாக ஓடும், பாட்டின் சுருதி அரைக்கட்டை மேலே ஏறி நிற்கும். இவனுக்கு என்ன தெரியும்? அதுதான் டெஸ்மண்டின் குரல் என்று நம்பினான். இப்படி ஒருத்தனால் பாட முடிகிறதே, நம்மால் முடியாதா என்று ரயில்வே தண்டவாளத்து ஓரத்தில், கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கத்திக் கத்தி அந்த உயரத்தைப் பிடித்தான். வேறொருத்தன் பாடவே பாடாத உயரம்! மோட்டார் பாடின உயரம்! பாட்டுக்காரர் இல்லாமல் கரி எஞ்சின் நின்றுபோய், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அயனாவரம் போனான். லேத் பட்டறைக்கு மேலே ஒரு ரூம். இவன் வாயைத் திறந்ததும் சற்குணம் கிடாரில் தடுமாறி, "டேய் டேய், நிறுத்து. அரைக்கட்டை மேல போறடா" என்றார். "கேசட்ல இப்படித்தாண்ணே இருக்கு" என்றான் இவன். ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சற்குணம், "சரி, உன் இஷ்டத்துக்கே பாடு" என்று கம்பிகளை முறுக்கி ஏற்றினார். பாடினான். 'வானத்தை' என்று கடைசிச் சொல் மேலே போய் நின்றபோது கீழே லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்தார்கள். சற்குணம் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே இதான். இனிமே எல்லாமே இங்கதான்" என்றார். அவ்வளவுதான். பாட்டு எல்லாவற்றையும் அந்த உயரத்தில் திரும்பப் பதிந்தார்கள். டெஸ்மண்டின் கேசட்டை ஜனங்கள் மறந்தே போனார்கள்.

அதற்கப்புறம் ஏறுமுகம்தான், சொல்ல வேண்டாம். கோயம்புத்தூர், மதுரை, கொழும்பு, கோலாலம்பூர். காலேஜ் மைதானம் போய் ஸ்டேடியம் வந்தது. லாரி லாரியாக ஸ்பீக்கர் வந்தது. கோலாலம்பூரில் மழையில் நனைந்துகொண்டு ஒருத்தன் கூட எழுந்து போகவில்லை. பத்திரிகைக்காரன் ஒருத்தன் எழுதினான், 'இந்தக் குரலுக்கு மேல் ஆகாயம்தான்' என்று. அந்தத் துண்டை அவன் மனைவி ரெஜினா லேமினேட் செய்து மாட்டியிருக்கிறாள். மாட்டாதடி என்றால் கேட்டால்தானே. நாற்பது தாண்டியதும் ஒருநாள் தொண்டை அந்த உயரத்தின் வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஜலதோஷம் என்று நினைத்தான். ஜலதோஷம் போயிற்று, முட்டல் போகவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, "ஒண்ணும் பெரிசா இல்ல, வயசுதான். இறக்கிப் பாடுங்களேன், யாரு வேணாங்கறா?" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். கோயம்புத்தூர் ஓட்டலில் காலை இட்லி சாப்பிடும்போது, மெதுவாக, விளையாட்டுப் போல, "குணாண்ணே, அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டே விட்டான். சற்குணம் சட்னியைத் தொட்டுக்கொண்டே சிரித்தார். "இறக்கிட்டா நீ எதுக்குடா? அதுக்கு நான் டெஸ்மண்டையே கூட்டியாந்துடுவேனே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவனும் சிரித்தான். இட்லி தொண்டையில் நின்றது. ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான், 'வானத்தை' என்ற இடம் வந்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினான். பயத்தில் நீட்டினான். அவர்கள் பாடினார்கள். என்ன பாட்டு! அடுத்த ஊரிலும் நீட்டினான். அப்புறம் முதல் வரியையே அவர்களிடம் விட்டுவிட்டான். இப்போது அது ஒரு சடங்கே ஆகிவிட்டது: விளக்கை அணைத்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், இருட்டில் ஸ்டேடியமே முதல் வரியைப் பாடும், அது முடியும் இடத்தில் ஜோதி டிரம்ஸில் இறங்குவான். 'பாட்டை ஜனங்களுக்கே கொடுத்த கலைஞன்' என்று அதற்கும் எழுதினார்கள். ரெஜினாவுக்குக் கூடத் தெரியாது. தூக்கத்தில் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

இப்போது டெஸ்மண்ட் நிஜமாகவே வந்துவிட்டார். வந்து, ரிகர்சலில், "இந்த ஹைட்லாம் நம்மால ஆகாது மேன். என் பழைய சுருதிக்கு வா" என்றார். சற்குணம் ஒரு வார்த்தை மறுக்கவில்லையே! "அவன் பாட்டு, அவன் கட்டை" என்று அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கிடாரை எல்லாம் அரைக்கட்டை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்பது வருஷமாகக் கிடைக்காதது அவருக்கு ஒன்பது விநாடியில் கிடைத்துவிட்டது. இருதயராஜ் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், தொண்டைக்கு ஓய்வு என்று சொல்லிக்கொண்டு. டெஸ்மண்ட் நன்றாகத்தான் பாடினார். கீழே, நிதானமாக, வலியே இல்லாமல். அந்தப் பாட்டு இவ்வளவு சோகமான பாட்டா? இத்தனை வருஷம் பாடியும் தனக்கு அது தெரியவில்லையே. கூடவே பயம். ஜனங்களும் இன்றைக்கு இதைக் கேட்பார்களே, கேட்டுவிட்டு, அட, இப்படியும் பாடலாமே என்பார்களே, அப்புறம் அந்த உயரம் எதற்கு, உயரத்துக்காக வைத்திருக்கிற ஆள் எதற்கு? அந்த உயரத்தை அவன் வெறுத்தான். அது போய்விட்டால் அவனும் போய்விடுவான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது, அதுதான் கொடுமை. இதோ கிடார்க்காரப் பையன்கள் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வந்து, இறக்கி வைத்த கிடாரைச் சற்குணத்தின் தோளில் மாட்டுகிறார்கள். அவர் காதோரம் வைத்து ஒரு கம்பியைச் சுண்டுகிறார். ம்ம். சரியாக அரைக்கட்டை கீழே. சரியாக.

கீழே. வாயில் இருந்த சித்தரத்தையை இருதயராஜ் கடித்துவிட்டான். கிடார் கீழே இருக்கிறது, ஜனங்கள்? ஜனங்களுக்கு யார் சொன்னது? ரிகர்சலில் ஜோதியின் டிரம்ஸில் இருந்துதானே பாட்டை எடுத்தார்கள், காலி ஸ்டேடியத்தில் முதல் வரியைப் பாட யார் இருந்தார்கள்? யாருக்கும் அது ஞாபகமே வரவில்லை. ஜனங்கள் பாடுவது பாட்டின் பாகம் என்றே எவனும் நினைக்கவில்லை, அது வெறும் ஆரவாரம், ஜோடனை. ஆனால் அவர்கள் பிசகாமல் பாடுவார்கள். சுருதிப்பெட்டி வேண்டாம் அவர்களுக்கு. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அந்த உயரம் காதில் ஊறிவிட்டது. கோலாலம்பூரில் சற்குணமே கிடாரை வைத்துச் சரிபார்த்து, "இன்னா கரெக்டா எடுக்கறானுங்க பாரு" என்று பீற்றிக்கொண்டாரே. இன்றைக்கும் மேலேதான் எடுப்பார்கள். இவர்கள் கீழே இறங்கி வாசிப்பார்கள். ஒரு ஸ்டேடியம் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். நடுவில் டெஸ்மண்ட். பாவம் அந்த மனுஷன், எதைப் பிடிப்பார்? நாறிப்போகும். இத்தனை போன் படம் பிடிக்கிறதே, நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். "குணாண்ணே, ஜனங்க மேல எடுப்பாங்க, முதல்லயே கீபோர்டுல சுருதி குடுத்துருங்க." முடிந்தது விஷயம். வாயைத் திற. திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே. ரிகர்சலில், இருதயம், உனக்குச் சரியா, என்று ஒரு பேச்சுக்காவது கேட்டார்களா? நான் எதற்குச் சொல்ல வேண்டும்? என் வேலை முடிந்தது, ரசம், படுக்கை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது: டெஸ்மண்ட் தடுமாறுவார், சற்குணம் கையைப் பிசைவார், ஜனங்கள் 'இருதயம், இருதயம்' என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்தை இப்போதே கேட்டான். இனித்தது. சீ, என்ன புத்தி இது. தப்பு என்று தெரிந்தும் இனித்தது. சரி, கூப்பிடுவார்கள், அப்புறம்? நீ போய் அதை எடுப்பாயா? எடுக்க முடியுமா உன்னால்? மைக்கை மறுபடி யாரிடம் நீட்டுவாய்?

சற்குணமும் ஜோதியும் மற்றவர்களும் ஓசைப்படாமல் படியேறி இருட்டில் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். டெஸ்மண்ட் மட்டும் கீழேயே நின்றார். பாட்டுக்காரர் கடைசியில்தான் ஏற வேண்டும். வந்து இருதயராஜ் பக்கத்தில் பெட்டியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது அந்தக் கை. "பயமா இருக்கு மேன். சத்தியமா. பஸ் ஓட்டுறப்ப இவ்ளோ பேரைப் பார்த்ததே இல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் லைன் பப்ளிக் பாடுவாங்கல்ல, அது எப்ப ஸ்டார்ட் ஆகும்? யாராவது சிக்னல் குடுப்பாங்களா?" கேட்டுவிட்டார். அவரே கேட்டுவிட்டார். இதைவிடப் பெரிய ஒரு வாசல் யார் திறந்து வைப்பார்கள்? "தானா ஆரம்பிக்கும்ணே" என்றான் இருதயராஜ். நாக்கு கசந்தது, சித்தரத்தை என்று வைத்துக்கொண்டான். டெஸ்மண்ட் தலையாட்டினார். "வீடியோல பார்த்தேன், நீ மைக்கை நீட்டுறது. அங்க வீட்ல உக்காந்து அழுதுட்டேன் மேன். நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன். ஒரு வரி குடுக்க மாட்டேன், எல்லாம் நானே பாடணும் எனக்கு. அதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும்." பெரிய மனசாம். அடப்பாவி மனுஷா, வேறெதையாவது சொல்லியிருக்கக் கூடாதா. ஈரத் துண்டு கழுத்தில் பாரமாகக் கனத்தது, பிடுங்கிக் கீழே போட்டான். சொல்லிவிடு. இப்போது சொல்லாவிட்டால் உனக்கும் வீட்டில் காத்திருக்கிற உன் ரசம் சோற்றுக்கும் வித்தியாசமே கிடையாது, அதுவும் ஆறிப்போனது, நீயும் ஆறிப்போனவன். "அண்ணே," என்றான், "ஒரு விஷயம்ணே..."

மேலே உதைப்பு நின்றது. திடீரென்று ஸ்டேடியம் மூச்சுப் பிடித்தது. யாரோ ஒரு பெண் எங்கோ உயரத்தில் இருந்து எடுத்தாள், அவளோடு பத்துப் பேர், அப்புறம் அத்தனை பேரும். எவன்டா... மூடினது... என்... நீளமாக, நிதானமாக, துளி பிசகாமல் அந்த உயரத்தில். மேலே சற்குணம் பழக்க தோஷத்தில் கிடாரைத் தொட்டிருப்பார் போலிருக்கிறது; கீழே ஒரு சுரம் முனகி, வெந்நீர் பட்ட கை மாதிரி சட்டென்று நின்றது. இயர்பீஸில் அவர் குரல்: "ஐயய்யோ. ஜோதி, இறங்காத. இறங்காதடா. மேல இருக்கானுங்க." டெஸ்மண்ட் எழுந்து நின்று, காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, தன் சுருதியை முனகிப் பார்த்தார், ஜனங்களுடையதை முனகிப் பார்த்தார், குரல் பாதியில் உடைந்தது. திரும்பி இருதயராஜைப் பார்த்தார். "என்ன மேன் இது, பப்ளிக்கும் இவ்ளோ மேலயா?" "இதாண்ணே. நான் பாடுற எடம்." "இத்தனை வருஷமாவா?" "ஆமாண்ணே." "எப்படி மேன் பாடினே?" அவர் முகத்தில் கோபம் இல்லை, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதைத்தான் இருதயராஜால் தாங்க முடியவில்லை. "பாடலைண்ணே. ஒம்போது வருஷமா பாடலை. வரலைண்ணே எனக்கு. அதனாலதான் மைக்கை நீட்டுனேன்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது தனக்கே கேட்டது. காதில் சற்குணம் கத்திக்கொண்டிருந்தார்: "இருதயம், எங்கடா இருக்க? ஏறி வாடா, வந்து நீ எடு, டெஸ்மண்டு மாட்டிக்குவான்!"

பெட்டி மேல் வைத்திருந்த தன் மைக்கை எடுத்தான்; அதில் ஒரு சின்ன பட்டன் உண்டு. அதை அழுத்திப் பேசினால் ஜனங்களுக்குக் கேட்காது, வாசிப்பவர்கள் காதில் மட்டும் விழும். இருதயராஜ் அதை அழுத்திக்கொண்டே படியேறினான், டெஸ்மண்டின் மணிக்கட்டை விடாமல் இழுத்துக்கொண்டு. "குணாண்ணே, எனக்கும் வராது. கிடாரை மாத்தாதீங்க, அங்கயே இருங்க. நான் கீழ எடுக்கறேன்." காதில் சற்குணம், "கீழயா? ஏன்டா, என்ன ஆச்சு உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?" என்றார். குரலில் பொய் இல்லை. கோயம்புத்தூரை மனுஷன் மறந்தே போயிருந்தார். ஒன்பது வருஷம் இவன் முழுங்கிக்கொண்டு திரிந்ததை அவர் அன்றைக்கே கை கழுவிவிட்டு எழுந்து போயிருக்கிறார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஜனங்கள் 'வானத்தை' என்று மேலே போய் நின்றார்கள், அழகாக, அவனால் இனி எந்த ஜென்மத்திலும் போக முடியாத இடத்தில். முடித்தார்கள். டிரம்ஸ் வரவில்லை. காத்திருந்தார்கள். இன்னும் வரவில்லை. இருட்டில் எங்கெங்கோ ஒரு சலசலப்பு, ஒரு விசில். விளக்குக்காரன் பயந்துபோய் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டான். நடு மேடையில் இரண்டு கிழவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைக்கை உயர்த்தி, சற்குணத்தின் கம்பியில் இருந்து சுருதியை வாங்கி, அரைக்கட்டை கீழே, தனியாக எடுத்தான். எவன்டா மூடினது. குரல் வந்தது. தடுப்பே இல்லாமல், முழுசாக, தண்டவாளத்து ஓரத்தில் வந்தது போல வந்தது. ஆனால் ஸ்டேடியம் கூடப் பாடவில்லை. இது வேறு பாட்டா என்று கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நிசப்தம். முன்வரிசையில், தடுப்புக் கம்பிமேல் சாய்ந்திருந்த ஒரு மொட்டைத் தலை ஆள், கேலியோ கரிசனமோ, மேடை வரைக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் கத்தினான்: "தலைவா, ஏறலையா?"

பட்டனில் விரல் போயிற்று, அழுத்தாமல் எடுத்துக்கொண்டான். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான், ஸ்டேடியம் முழுக்கக் கேட்டது. "ஏறலப்பா," என்றான் இருதயராஜ். "ரொம்ப நாளாவே ஏறலை. இங்கதான் வருது. இங்கேருந்து பாடுவோமா?" சிரிப்பு முதலில் அந்த மொட்டைத் தலையிடம் இருந்துதான் வந்தது, பிறகு அவன் பக்கத்து ஆளிடம், பிறகு பின்னால் வரிசை வரிசையாக. டெஸ்மண்ட் தன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரெடியா மேன்?" என்றார். இருதயராஜ் ஜோதியைத் திரும்பிப் பார்த்து, இறங்கு என்று தலையசைத்தான்.